ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை: பம்ப் மாற்றச் சொன்னால் முதலில் என்ன கேட்க வேண்டும்?

கேள்வி: எங்களுடையது 2015 மாடல் சிறிய பெட்ரோல் கார். மகளின் பிரசவத்துக்காக வெளியூர் போயிருந்ததால் ஏழு வாரம் ஷெட்டிலேயே நின்றது. திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்க மாட்டேன் என்கிறது. பேட்டரி புதியது. மெக்கானிக் ஸ்கேனர் போட்டுப் பார்த்துவிட்டு, “எரர் எதுவும் இல்ல. பெட்ரோல் கெட்டுப்போய் பம்ப் போயிடுச்சு. டேங்க்கை இறக்கணும், பதினோராயிரம் ஆகும்” என்கிறார். மாற்றிவிடலாமா? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: இப்போதைக்கு வேண்டாம். டேங்க்கிலிருந்து இன்ஜினுக்குப் பெட்ரோலைத் தள்ளும் பம்ப் போயிருக்கலாம்தான். ஆனால் அதை யாராவது சோதித்துப் பார்த்ததாக உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

ஸ்கேனரில் எரர் இல்லை, அதனால் பம்ப்தான் என்பது கணக்கே அல்ல. உங்கள் வண்டியைப் போன்ற சாதாரண பெட்ரோல் கார்களில் பெட்ரோல் அழுத்தத்தை அளக்கும் சென்சார் பெரும்பாலும் இருக்காது. பம்ப் செத்தாலும் வண்டியின் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அதனால் ஸ்கேனர் சும்மா இருப்பதை வைத்து பம்ப்பைக் குற்றம் சொல்லவும் முடியாது, காப்பாற்றவும் முடியாது.

பெட்ரோல் கெட்டுவிட்டது என்பதையும் நான் நம்பவில்லை. மூடிய டேங்க்கில் ஏழு வாரம் இருந்த பெட்ரோலில் கொஞ்சம் வீரியம் குறையலாம், அவ்வளவுதான். அதனால் மட்டும் ஒரு நல்ல இன்ஜின் அறவே பிடிக்காமல் போவது அபூர்வம்.

சரி, வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைக்கு வருவோம். முதலில் வண்டியைச் சுற்றி மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை பலமாக அடித்தால் அதோடு நிறுத்திவிடுங்கள், சாவியைத் தொடவே வேண்டாம். ஏழு வாரம் நின்ற கார் என்றாலே எனக்கு முதலில் எலி ஞாபகம்தான் வரும். ஒயரை மட்டுமல்ல, பெட்ரோல் ஹோஸையும் கடித்து வைக்கும்.

வாடை இல்லையென்றால் ஒருவரைப் பின்சீட்டில் உட்காரச் சொல்லுங்கள். ஏசி, ரேடியோ எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, சாவியை ஆன் வரைக்கும் மட்டும் திருப்புங்கள், ஸ்டார்ட் செய்யாதீர்கள். பின்சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு மூன்று விநாடி ‘ம்ம்ம்’ என்று ஒரு ரீங்காரம் கேட்டு நிற்க வேண்டும். அதுதான் பம்ப். அப்போதே டேஷ்போர்டில் சாவிப் படம் போட்ட விளக்கையும் பாருங்கள். அது அணையாமல் சிமிட்டிக்கொண்டே இருந்தால் வண்டி உங்கள் சாவியை அடையாளம் காணவில்லை, அதனால் பெட்ரோலை நிறுத்தி வைத்திருக்கிறது. மாற்றுச் சாவியைப் போட்டுப் பாருங்கள்.

ரீங்காரம் கேட்டால், சாவியை மூன்று நான்கு முறை ஆன், ஆஃப் செய்து, ஒவ்வொரு முறையும் அந்தச் சத்தம் அடங்கும்வரை விட்டு, கடைசியில் ஸ்டார்ட் கொடுங்கள். இப்படிச் செய்து வண்டி பிடித்துவிட்டால், நின்ற நாட்களில் லைனில் இருந்த பெட்ரோல் டேங்க்குக்கே இறங்கிப் போயிருந்தது என்று அர்த்தம். அதற்காக இன்றே பம்ப் மாற்ற வேண்டியதில்லை. ஸ்டார்ட்டரைப் பத்து விநாடிக்கு மேல் தொடர்ந்து சுற்றாதீர்கள். நடுவில் ஒரு நிமிடமாவது விடுங்கள்.

ரீங்காரமே இல்லை என்றாலும் உடனே பம்ப்தான் என்று முடிவு கட்டக் கூடாது. ஃபியூஸ், ரிலே (பம்ப்புக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்ச்), ஒயர், கனெக்டர், இவ்வளவும் தாண்டித்தான் பம்ப். ரிலே விலை சில நூறு ரூபாய்தான். அதே எண் போட்ட ரிலே அதே பெட்டியில் வேறு வேலைக்கு இருந்தால் மாற்றிப் போட்டே பார்த்துவிடலாம். எலி கடித்த ஒயரும் இந்த வழியில்தான் வரும்.

மெக்கானிக்கிடம் நீங்கள் கேட்க வேண்டியது இரண்டு. ஒன்று, பம்ப்பின் கனெக்டரில் ஒரு இண்டிகேட்டர் பல்பை இணைத்துச் சாவியை ஆன் செய்து காட்டச் சொல்லுங்கள். மீட்டர் மட்டும் போதாது. பாதி அறுந்த ஒயர்கூட மீட்டரில் 12 வோல்ட் காட்டும், பல்பு மங்கலாகத்தான் எரியும். பல்பு அந்த இரண்டு மூன்று விநாடி நன்றாக எரிந்து, அதே கனெக்டரைத் திரும்ப மாட்டினால் பம்ப் ஓடவில்லை என்றால், பம்ப் போனது உறுதி, மாற்றுங்கள். இரண்டு, பம்ப் ஓடுகிறது என்றால் லைனில் பிரஷர் கேஜ் வைத்து அழுத்தத்தைக் காட்டச் சொல்லுங்கள். இந்த ரக வண்டிகளில் பொதுவாக 3 முதல் 4 பார் வரை இருக்க வேண்டும். சரியான அளவு உங்கள் மாடலின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். அழுத்தம் சரியாக இருந்தால் பிரச்சினை பம்ப்பில் இல்லை, ஸ்பார்க்கிலோ, இன்ஜின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரிலோ தேட வேண்டும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தாலே பாதி விடை தெரியும். ஈரமாக இருந்தால் பெட்ரோல் வந்து சேர்ந்திருக்கிறது.

கேஜ் இல்லாத ஒர்க்‌ஷாப்பில் பம்ப் மாற்றாதீர்கள். இதில் எனக்கு விட்டுக்கொடுக்கவே மனமில்லை. அளக்காமல் மாற்றுகிறவர் உங்கள் செலவில் யூகம் பார்க்கிறார். பம்ப்புக்கு அடுத்து பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர், அதற்கடுத்து ஈசியூ எனும் இன்ஜின் கம்ப்யூட்டர் என்று போய்க்கொண்டே இருக்கும். இதில் ஸ்பேர் கடைக்காரரிடம் கமிஷன் வாங்குகிறவர்கள் உண்டு. வண்டியைத் தூக்கிப்போகும் டோ வண்டிக்காரர் “நமக்குத் தெரிஞ்ச இடம்” என்று சொல்லும் ஒர்க்‌ஷாப்பிலும் பல சமயம் அவருக்கு ஒரு பங்கு இருக்கும். எங்கே இறக்க வேண்டும் என்பதை நீங்களே சொல்லுங்கள். ஒரிஜினல் பெட்டியில் டூப்ளிகேட் மோட்டாரை வைத்து விற்பதும் நடக்கிறது. அதனால் பழைய பம்ப் கைக்கு வர வேண்டும், பார்ட் நம்பர் போட்ட பில் வேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். பல மாடல்களில் பின்சீட்டைத் தூக்கினாலே பம்ப் மூடி தெரியும், டேங்க்கை இறக்கத் தேவையில்லை. மொத்த யூனிட்டையும் மாற்றாமல் மோட்டாரை மட்டும் மாற்றவும் வழி இருக்கும். இரண்டையும் கேளுங்கள்.

உங்கள் வண்டியில் சிஎன்ஜி இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் நான் மேலே சொன்ன சந்தேகமெல்லாம் தலைகீழாகிவிடும். மாருதி எஸ்-சிஎன்ஜி போன்றவை பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி, பிறகுதான் கேஸுக்கு மாறும். கேஸ்தான் மலிவு என்று பலர் பெட்ரோலை ரிசர்விலேயே மாதக்கணக்கில் வைத்திருப்பார்கள். பம்ப் பெட்ரோலுக்குள் மூழ்கியிருக்கிறது, அந்தப் பெட்ரோல்தான் அதைக் குளிர வைக்கிறது. வெளியில் மாட்டிய கிட்டுகள் பலவற்றில் வண்டி கேஸில் ஓடும்போதும் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும். அடியில் நாலு சொட்டு பழைய பெட்ரோலை வைத்துக்கொண்டு அப்படி ஓடினால் மோட்டார் சூடாகிக் கருகும். டாடாவின் ஐசிஎன்ஜி நேராகக் கேஸிலேயே ஸ்டார்ட் ஆவதால், பெட்ரோல் பக்கம் கெட்டுக் கிடப்பதே கேஸ் தீரும் நாள்வரை தெரியாமல் போகலாம். சிஎன்ஜி வைத்திருப்பவர்கள் கால் டேங்க் பெட்ரோல் எப்போதும் வைத்திருந்து, வாரம் ஒருமுறை சில கிலோமீட்டராவது பெட்ரோலில் ஓட்டுங்கள். அப்படிச் செய்யாத வண்டி என்றால், உங்கள் மெக்கானிக் சொன்னது சரியாகவே இருக்கலாம். அப்போதும் பல்பு சோதனையைச் செய்யச் சொல்லுங்கள்.

பெட்ரோலில் தண்ணீர் என்ற சந்தேகம் வேறு. மழைக்காலத்தில் பங்க்கின் நிலத்தடி டேங்க்கில் தண்ணீர் இறங்கினால் எத்தனால் அதோடு சேர்ந்துகொண்டு அடியில் தனி அடுக்காகத் தங்கும். பம்ப் முதலில் உறிஞ்சுவது அதைத்தான். இப்போது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் நாடு முழுக்க வந்துவிட்டது. உங்கள் வண்டி வந்த காலத்து மாடல்கள் பலவற்றின் மேனுவலில் 10 சதவீதம் வரைதான் போட்டிருக்கும். குறைந்த கலவை வேண்டும் என்று கேட்டு வாங்கச் சாதாரண பங்க்கில் வழியே வைக்கவில்லை. ஃபில்டர் பேப்பர் கேட்டால் பங்க்கில் தர வேண்டும். ஆனால் அது கறையைக் காட்டுமே தவிரத் தண்ணீரைக் கண்டுபிடிக்க உதவாது. இதைச் சோதிக்க நமக்கு ஒரு நேரான வழியைக்கூட எண்ணெய் நிறுவனங்கள் செய்து தரவில்லை என்பது எனக்கு ஆறாத கோபம்.

ஆகவே மெக்கானிக் லைனைக் கழற்றும்போது அரை லிட்டர் பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் அசையாமல் வைக்கச் சொல்லுங்கள். அடியில் தனி அடுக்கு தெரிந்தால் டேங்க்கை வடிக்க வேண்டும், அந்தப் பெட்ரோல் பில்லையும் பாட்டிலையும் பத்திரமாக வைத்திருந்து எண்ணெய் நிறுவனத்திடம் புகார் கொடுங்கள். தெரியாவிட்டால் டேங்க் க்ளீனிங், இன்ஜெக்டர் க்ளீனிங் இரண்டுக்கும் சேர்த்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.