பிஎச்.டி. இயற்பியல் படித்த மகள் டேட்டா சயின்ஸ் போகலாமா?

அம்மா, ஆய்வேடு எழுதும் நேரத்தில் மகள் டேட்டா சயின்ஸ் (குவிந்த தரவுகளை அலசி முடிவு சொல்லும்) வேலைக்குப் போகிறேன் என்கிறார், இத்தனை வருடப் படிப்பும் வீண்தானா என்று கேட்டிருந்தீர்கள். வீண் இல்லை. அந்த வேலையில் பாதியை அவர் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறார்.

மெல்லிய படலங்களை எக்ஸ்ரே கருவியில் வைத்து ஆராய்கிறார் என்றீர்கள். கருவி கொடுப்பது ஆயிரக்கணக்கான எண்கள். வரைபடமாகப் போட்டால் அங்கங்கே முகடு எழும். முகட்டின் அகலத்தை வைத்துப் படிகத்தின் அளவைக் கணக்கிடுவார்கள். 1918-இல் இயற்பியலாளர் ஷெரர் தந்த சூத்திரம் அது. ஆனால் அந்த அகலத்தில் கருவியின் பங்கும் கலந்திருக்கும். அதைக் கழிக்காமல் அளவு சொன்னால் கைடு விடமாட்டார். வங்கியிலும் ஆன்லைன் கடையிலும் தேவைப்படுவது இதே சந்தேகம்தான். விற்பனை நிஜமாகவே கூடியதா, இல்லை, எண்ணும் விதம் மாறிப்போனதா? மென்பொருளைச் சில மாதங்களில் கற்கலாம். இப்படிச் சந்தேகப்படும் பழக்கம் வர வருடங்கள் ஆகும்.

குறை எங்கே என்றால், ஆரிஜின் மென்பொருளில் கிராஃப் போட்டுப் பழகியவர் பைத்தான் என்ற நிரல்மொழிக்கு மாற வேண்டும். அப்புறம் எஸ்க்யூஎல், தரவுத்தளத்திலிருந்து தகவலைக் கேட்டு எடுக்கும் மொழி. ஆய்வகத்தில் அதற்கு வேலையே இருக்காது, இன்டர்வியூவில் முதல் கேள்வியே அதில் வரும். இரண்டுக்கும் ஐஐடி பேராசிரியர்கள் நடத்தும் என்பிடெல் இணையப் பாடங்களை இலவசமாகப் பார்க்கலாம். வேலை உத்தரவாதம் என்று சொல்லி லட்சக்கணக்கில் ஃபீஸ் கேட்கும் கோர்ஸுக்கு நகையை அடகு வைத்துவிடாதீர்கள், தயவுசெய்து.

சர்டிஃபிகேட்டைவிட, சொந்தமாகச் செய்த ஒரு வேலை பேசும். இந்திய வானிலைத் துறை 1901 முதலான தினசரி மழை அளவை, வரைபடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கு ஓர் எண்ணாக இலவசமாகத் தருகிறது. ஒரு கட்டத்தின் பக்கம் சுமார் 27 கிலோமீட்டர். சேலமும் ஏற்காடும் ஒரே கட்டத்தில் விழும். உயரத்திலோ ஆயிரம் மீட்டருக்கு மேல் வித்தியாசம். மலைமேல் கொட்டும் மழை கீழே கொட்டுவதில்லை என்பது நமக்கே தெரியும். அந்தக் கட்டத்தின் எண் எந்த ஊரின் மழை? மகள் இதைப் பைத்தானில் அலசி எழுதட்டும். பாடப் புத்தகப் பயிற்சியைத் திரும்பச் செய்தவர்கள் நடுவில் இவர் தனியாகத் தெரிவார்.

கசப்பான விஷயமும் உண்டு. மேலாளர் இவரைவிட வயதில் சின்னவராக இருக்கலாம். வேலை பெரும்பாலும் பெங்களூரிலோ சென்னையிலோதான். காலேஜ் வாத்தியார் வேலை கிடைக்கும் என்று நீங்கள் காத்திருந்தது எனக்குப் புரிகிறது. ஆனால் நிரந்தர இடங்கள் மிகக் குறைவு. கௌரவ விரிவுரையாளராகவே வருடங்களைக் கழிப்பவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

ஒன்றே ஒன்றில் கறாராக இருங்கள். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்காமல் கிளம்ப வேண்டாம். சமர்ப்பித்த பிறகு வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்குச் சில மாதம் காத்திருக்க வேண்டியிருக்கும்; விண்ணப்பங்களை அப்போது அனுப்பத் தொடங்கலாம். ரெஸ்யூமே இரண்டு பக்கம் போதும், ஆய்வுக் கட்டுரைகளுக்கு அதில் இரண்டு வரி.