மூடி வைத்த சோறு ஏன் கெட்டுப்போனது?

கேள்வி: வாரம் ஒரு நாள் வீட்டிலேயே சமைத்து 20 பேருக்குப் பொட்டலம் கொடுக்க ஆசை. போன முறை காலையில் வடித்துச் சூடாகவே கட்டி வைத்த சோறு, மதியத்துக்குள் ஊசிப்போய் அத்தனையும் குப்பைக்குப் போனது. எங்கே தவறு?

பதில்: கட்டிய விதத்தில்தான். ஒரு பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்திருந்தால் மூடியின் உட்புறம் முத்து முத்தாக நீர் கோத்திருக்கும், அது சொட்டிச் சொட்டி மேல்சோறு நொசநொசவென்று ஆகியிருக்கும். வடித்த சோற்றிலும் சில கிருமிகளின் வித்துகள் சாகாமல் இருக்கும்; 5 முதல் 60 டிகிரி செல்சியஸுக்குள் மணிக்கணக்கில் வைத்தால் அவை முளைத்துப் பெருகிவிடும். திரும்பச் சூடாக்கினாலும் அவை விட்ட நஞ்சு போகாது. அதனால் கொடுக்கும் நேரத்தை முதலில் கேளுங்கள், அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு அடுப்பைப் பற்றவையுங்கள். சமைத்து 2 மணி நேரத்துக்குள் கைக்குப் போய்ச் சேரவேண்டும். முடியாதா? சரி, பழத்தை முழுசாகக் கொடுங்கள், யாரும் குறைவாக நினைக்கமாட்டார்கள். அப்புறம், காரத்தைக் குறையுங்கள், வாங்குபவர்களில் காரம் தாங்காத பெரியவர்களும் இருப்பார்கள். கடலை, பால், முட்டை சேர்த்திருந்தால் பொட்டலத்தின் மேல் எழுதிவிடுங்கள், சிலருக்கு ஒத்துக்கொள்ளாது.