அந்தக் குரல் ‘ரிங்கிட்’ என்று சொன்னது

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை. பெயரும் ஊரும் வெளியிட வேண்டாம். கட்சிச் சண்டையும் செயற்கை நுண்ணறிவும் நம் பிள்ளைகளின் காலத்தைக் கெடுக்கப்போகும் இரண்டு ஆபத்துகள் என்று எழுதியிருந்தீர்கள். 2022 பொதுத்தேர்தலுக்குப் பிறகு என் அண்ணன் என்னோடு பேசுவதில்லை. அது நாங்களே போட்டுக்கொண்ட சண்டை, எந்த இயந்திரமும் மூட்டிவிடவில்லை. பிறகு ஏன் இயந்திரத்தைக் குறை சொல்ல வேண்டும்? ஆறாம் ஆண்டு பிள்ளைகள் “டீச்சர், சாட்ஜிபிடி சொல்லுச்சு” என்று வந்து நிற்கிறார்கள், அவர்களுக்கு என்ன சொல்வது? குடும்பப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவிலிருந்து விலகிவிடலாமா என்றும் தோன்றுகிறது.

ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

நீங்கள் கேட்டது சரியான கேள்வி. இரண்டையும் தனித்தனி ஆபத்தாக நான் எழுதியது தவறு. அதைப் புரிந்துகொள்ள எனக்கு எங்கள் ஊரில், சுங்கை சிப்புட்டில், நடந்த ஒன்றைத் திரும்ப நினைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

போன வருடம் திருவிழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கோயில் புலனக் குழுவில் ஒரு குரல் பதிவு வந்தது. நாற்பது விநாடிதான். எங்கள் கோயில் தலைவரின் குரல். கோயில் இருக்கும் நிலத்தை விட்டுக்கொடுக்க ஐம்பதாயிரம் ரிங்கிட்டுக்குப் பேசி முடித்தாகிவிட்டது, திருவிழா முடியும்வரை யாரும் வாய் திறக்க வேண்டாம் என்று அந்தக் குரல் சொன்னது. ரப்பர் தோட்டத்துக் கோயில்கள் பல கம்பெனி நிலத்தில் நிற்பவை, பட்டா கிடையாது, தோட்டம் கைமாறும்போதெல்லாம் சாமியை எங்கே தூக்கி வைப்பது என்று கலங்கிய ஜனங்கள் நாங்கள். அந்தப் பதிவைச் செய்தவனுக்கு அந்தப் பயம் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கிறது.

தலைவர் ஒரு கட்சி, செயலாளர் வேறு கட்சி. பதிவு வந்த ஒரு மணி நேரத்தில் ஊர் இரண்டாகிவிட்டது. ஒரு பக்கத்துக்காரர்கள் அப்போதே நம்பிவிட்டார்கள், மறுபக்கத்துக்காரர்கள் அதைச் செயலாளர்தான் செய்தார் என்று அதே வேகத்தில் நம்பினார்கள், தலைவர் கோபத்தில் குழுவிலிருந்து விலகினார், விலகியதே குற்றத்துக்குச் சாட்சி என்று ஆனது. நான்கு நாள். அவர் வீடு கோயிலிலிருந்து ஐந்து நிமிட நடை, ஒருவரும் போய்க் கேட்கவில்லை. நானும் போகவில்லை.

ஐந்தாம் நாள், ரப்பர் மரத்தில் பால் வெட்டிய ஒரு பாட்டி, தலைவரின் அம்மாவோடு பக்கத்து மர வரிசையில் முப்பது வருடம் வேலை செய்தவர், நேரே அவர் வீட்டுக்குப் போய் “ஏன்டா தம்பி, நீ பேசுனியா?” என்று கேட்டார். இல்லை என்றதும் பேரனின் கைப்பேசியில் அந்தப் பதிவை மறுபடி போடச் சொன்னார். கேட்டுவிட்டு, “இவன் எப்படா ரிங்கிட்டுன்னு சொன்னான்?” என்றார். நாங்கள் மலேசியப் பணத்தை வெள்ளி என்றுதான் சொல்வோம், தலைவர் வாயில் ரிங்கிட் என்ற சொல்லே வராது. அத்தனை பேர் காதில் விழுந்தது, அவர் ஒருவருக்குத்தான் உறைத்தது.

இதைச் சொன்னால் எல்லோரும் அந்த வெள்ளியைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. ஆங்கிலத்தில் மூன்று விநாடிக் குரல் மாதிரி இருந்தால் அந்த ஆளைப்போல் பேசவைக்க முடியும் என்று மைக்ரோசாப்ட் ஆய்வாளர்கள் 2023 ஜனவரியிலேயே காட்டினார்கள். 2018-ல் மறைந்த கலைஞர் 2024 ஜனவரியில் ஒரு விழாத் திரையில் தோன்றித் தமிழில் வாழ்த்துரை வழங்கினார், அங்கே பார்த்தவர்களுக்காவது அது உருவாக்கப்பட்டது என்று தெரியும். இயந்திரம் நாளைக்கு வெள்ளியையும் கற்றுக்கொள்ளும். பாட்டி நடந்து போன அந்த ஐந்து நிமிடத்தைத்தான் நான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். பொய்யைக் கண்டுபிடிக்க எதிர்ப்பக்கத்தில் நாம் நம்பிக் கேட்கக்கூடிய ஓர் ஆள் வேண்டும். கட்சிச் சண்டை அந்த ஆளை நம்மிடமிருந்து எடுத்துவிட்டது, அந்தக் காலி இடத்துக்குள்தான் இயந்திரக் குரல் வந்து உட்கார்ந்தது. ஊர் ஒன்றாக இருந்திருந்தால் அந்தப் பதிவுக்கு அரைமணி நேர ஆயுள்கூட இருந்திருக்காது.

பழைய தோட்ட வாழ்க்கையைச் சொர்க்கமாக்கி எழுத எனக்கு மனசு வராது. 1948 ஜூன் 16 அன்று எங்கள் ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுடப்பட்ட பிறகுதான் அவசரகாலம் வந்தது, மறு வருடம் தொழிற்சங்கத் தலைவர் கணபதி தூக்கிலிடப்பட்டார். யார் காட்டிக்கொடுப்பார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரரையே சந்தேகப்பட்ட காலம் அது. ஆனாலும் விடிவதற்குள் எல்லோரும் ஒரே பெரட்டுக்களத்தில், வேலைக்குப் பேர் கூப்பிடும் இடத்தில், நின்றாக வேண்டும். முந்தின இரவு கள்ளுக்கடையில் அடித்துக்கொண்டவன் முகத்தைக் காலையில் பார்த்தே தீர வேண்டும். தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றபோது, மாதம் பத்து வெள்ளி கட்டுங்கள், நாமே தோட்டம் வாங்கலாம் என்று ம.இ.கா. கட்சித் தலைவர் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்க் கேட்டார். 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது அப்படித்தான். பால் வெட்டிப் பிழைத்தவர்களுக்குப் பத்து வெள்ளி பெரிய பணம், நேரில் பார்த்த முகத்தை நம்பிக் கொடுத்தார்கள். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தொழிலாளர் குடியிருந்த லயம் காலியானது, நாங்கள் தாமான் என்கிற குடியிருப்பு வீடுகளில் ஆளுக்கொரு கேட் போட்டுக்கொண்டோம். அந்தக் களத்துக்குப் பதிலாக எங்களிடம் இருப்பது இந்தக் குழுக்கள்தான்.

இயந்திரத்தை ஏன் குறை சொல்ல வேண்டும் என்று கேட்டீர்கள். காரணம் இருக்கிறது. சமூக ஊடகத்தில் நீங்கள் எதில் அதிக நேரம் நிற்கிறீர்கள் என்று அளந்து அதையே மேலும் கொடுக்கிற வேலை அதற்கு, ஆத்திரம் வந்தால் நாம் நின்று பார்ப்போம். 2022 நவம்பரில் யாருக்கும் பெரும்பான்மை இல்லாமல் நாடே காத்திருந்த நாட்களில் 1969 மே 13 இனக்கலவரத்தைச் சொல்லி மிரட்டும் டிக்டாக் காணொளிகள் பரவி, போலீஸ் எச்சரிக்கை விட வேண்டியிருந்தது. எடுத்தது மனிதர்கள், நம் பிள்ளைகளின் கைக்குக் கொண்டுவந்து கொடுத்தது கணக்குப் பார்க்கும் இயந்திரம். நம் மொழியில் காவலும் குறைவு. 2021-ல் வெளியான பேஸ்புக்கின் உள் ஆவணங்களின்படி, தவறான தகவலை அடையாளம் காணச் செலவிட்ட நேரத்தில் 87 விழுக்காடு அமெரிக்காவுக்கே போயிருந்தது. மிச்சத்தில் மலேசியத் தமிழுக்கு என்ன கிடைத்திருக்கும்?

சரி, உங்கள் வகுப்புக்கு வருகிறேன். பிள்ளைகளிடமிருந்து சாட்ஜிபிடியைப் பிடுங்காதீர்கள். 2024-ல் சயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வில், சதிக்கதைகளை நம்பிய இரண்டாயிரத்துச் சொச்சம் பேரோடு ஜிபிடி-4 என்ற செயற்கை நுண்ணறிவு பொறுமையாக வாதம் செய்தது. அவர்களின் நம்பிக்கை சராசரியாக 20 விழுக்காடு குறைந்தது, இரண்டு மாதம் கழித்தும் அப்படியே இருந்தது. எனக்கு அது பெரிய ஆறுதல். அதே பொறுமையை யாராவது பொய்க்கும் வாடகைக்கு எடுக்க முடியும் என்பதுதான் கவலை. அதனால் “சாட்ஜிபிடி சொல்லுச்சு” என்று வரும் பிள்ளையிடம், அதற்கு எப்படித் தெரியும், வேறு யாரிடம் கேட்டாய், அதை ஒத்துக்கொள்ளாத ஒருவரிடம் கேட்டாயா என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்காக அவன் எழுந்து நாலு வீடு நடக்க வேண்டும்.

குழுவிலிருந்து விலகாதீர்கள். எங்கள் தலைவர் விலகிய நிமிடத்தில்தான் எல்லாம் கைமீறியது. ஆனால் அண்ணனோடு அங்கே அரசியல் பேசாதீர்கள், இருபது பேர் பார்க்கும்போது யாரும் இறங்கி வரமாட்டார்கள். வீட்டுக்குப் போங்கள். அரசியல் தானாக வரும், வரட்டும், அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சண்டை போடுங்கள்.

எங்கள் கோயிலில் இப்போது ஒன்று செய்திருக்கிறோம். பணம், நிலம் இரண்டைப் பற்றியும் குழுவில் பேச்சு கிடையாது. மாதத்தின் முதல் ஞாயிறு பூசைக்குப் பிறகு மண்டபத்தில் உட்கார்ந்து பேசுகிறோம். போன மாதம் பதினொரு பேர் வந்தார்கள், தலைவரும் செயலாளரும் இருந்தார்கள், ஒருவரை ஒருவர் இன்னும் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை. அந்தப் பாட்டிக்குக் காது கொஞ்சம் மந்தம் என்று முன்வரிசையில் நாற்காலி போட்டிருக்கிறோம், அதனால் இரண்டு பேரும் உரக்கப் பேச வேண்டியிருக்கிறது.