மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டாளாம்!

கேள்வி: என் தோழிக்கு வயது 43. கல்லூரிக் காலத்திலிருந்து பழக்கம். திருமணம் செய்துகொள்ளவில்லை, ஒரு கடையில் கணக்கு எழுதுகிறாள். சம்பளத்தில் பாதி தெருநாய்களுக்கே போகிறது. கோழிக்கால், ஈரல் போட்டு வேகவைத்த சோற்றைத் தூக்கிக்கொண்டு விடியற்காலையில் நாலு தெரு சுற்றுகிறாள். சாக்கில் கட்டி எறியப்படும் பெட்டைக் குட்டிகளெல்லாம் அவள் வீட்டில்தான். யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை, உதவியும் கேட்பதில்லை. அண்ணன் குடும்பம் வந்துபோவதையே நிறுத்திவிட்டது. போன மாதம் யாரோ புதிதாகக் கொண்டுவந்து விட்ட நாய் கையைக் கடித்து ரத்தம் வந்திருக்கிறது. மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள், அவ்வளவு பிடிவாதம். அந்த நாயும் இரண்டு நாளில் எங்கோ போய்விட்டது. இவளுக்குப் புத்தி சொல்லி எப்படி ஒரு குடும்ப வாழ்க்கைக்குக் கொண்டுவருவது?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: அம்மா, உங்கள் கடிதம் நான்கு பக்கம். அதில் ஏறக்குறைய எல்லாமே தோழியின் கல்யாணம். நாய் கடித்ததற்கு நீங்கள் ஒதுக்கிய இடம் மூன்று வரி. அதுவும் அவளுடைய பிடிவாதத்துக்கு உதாரணமாக!

பத்திரிகை அச்சாகி வரும்வரை பொறுக்கக்கூடிய விஷயமில்லை என்பதால் அன்றைக்கே உங்களைத் தொலைபேசியில் அழைத்துக் கத்தினேன். அதற்காக வருத்தப்படவில்லை. மறுநாள் அரசு மருத்துவமனையில் முதல் ஊசி போட்டாயிற்று என்று சொன்னீர்கள். நல்லது. ஆனால் நீங்கள் சொன்ன சமாதானம்தான் இன்னும் உறுத்துகிறது: "காயம் ஆறிவிட்டதே, அதனால் விட்டுவிட்டோம்."

காயம் ஆறுவதற்கும் ரேபிஸ் என்கிற வெறிநாய்க்கடி நோய்க்கும் சம்பந்தமே இல்லை. கிருமி நரம்பு வழியாக மெல்ல மூளைக்குப் போகிறது. பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று மாதம் ஆகும். சிலருக்கு ஒரு வருடம்கூட. அறிகுறி தெரிந்துவிட்டால் காப்பாற்ற வழியில்லை. அதுவரை கிடைக்கும் அவகாசம்தான் நமக்கு இருக்கிற ஒரே நல்ல காலம். அதில் ஒரு மாதத்தை மஞ்சளுக்குக் கொடுத்துவிட்டீர்கள். கடித்த உடனே செய்யவேண்டியது, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுவது. மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதுவும் கூடாது. பிறகு நேரே மருத்துவமனை. ரத்தம் வந்த கடி என்றால் தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற, கிருமியை உடனே எதிர்க்கும் மருந்தும் போடவேண்டும். கடித்த நாய் 10 நாள் கண்ணெதிரே நன்றாக இருந்திருந்தாலாவது நிம்மதியாக மூச்சு விட்டிருக்கலாம். உங்கள் நாயோ இரண்டாம் நாளே காணவில்லை. அதைப் படித்த பிறகுமா அவளுக்கு மாப்பிள்ளை தேடச் சொல்கிறீர்கள்?

தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று இன்னும் பயப்படுகிறவர்கள் உண்டு. ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த அந்த மருந்தெல்லாம் ஒழிந்து 20 ஆண்டுகள் ஆகின்றன. இப்போது கையில்தான், அரசு மருத்துவமனையில் இலவசம்.

இனி என் சண்டை உங்களோடு. அவள் ஏன் மறைத்தாள் என்று ஒருமுறையாவது யோசித்தீர்களா? கடித்தது என்று வெளியே சொன்னால் முதலில் தெருக்காரர்கள் நாய்களை அடித்துத் துரத்துவார்கள். அடுத்து அண்ணன் வருவார், "அப்போதே சொன்னேன்" என்று. அவருக்குப் பின்னால் நீங்கள். ஆஸ்பத்திரி வரிசையில் கூட வந்து நிற்க ஆள் இல்லை, ஆனால் குற்றம் சொல்ல இத்தனை பேர். அவள் இடத்தில் யாராக இருந்தாலும் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வேலைக்குத்தான் போயிருப்பார்கள். நாயைத் தெருவில் விட்டுப் போனானே, அவன் செய்தது 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அவனைக் கண்டித்து உங்கள் நான்கு பக்கத்தில் ஒரு வார்த்தை கிடையாது. அவன் உதறியதை எடுத்துச் சுமப்பவளுக்குத்தான் புத்தி சொல்லவேண்டுமாம்.

குடும்பம் என்றால் தாலியும் பிள்ளையும் மட்டும்தான் என்று நான் நினைக்கவில்லை. காய்ச்சலில் கஞ்சி வைத்துக் கொடுக்கிறவர்தான் குடும்பம். அண்ணன் வீட்டார் நாற்றம் என்று வாசலோடு நின்றுவிட்டார்கள். அவர்களை நான் மன்னிக்கத் தயாராக இல்லை. கூடப் பிறந்தவனுக்குத் தங்கையின் வீட்டு நாற்றம் ஒரு காரணமா?

முதல் ஊசி போட்ட நாளிலிருந்து கணக்கிட்டால், மீதமிருப்பது 3, 7, 28-ஆம் நாள் ஊசிகள். முதல் இரண்டை எல்லோரும் போட்டுக்கொள்வார்கள். 28-ஆம் நாள்தான் மறந்துபோகும். தடுப்பூசி அட்டையை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நாளும் கூடவே போங்கள். முழுவதும் போட்டுவிட்டால், இன்னொரு முறை கடித்தாலும் இரண்டே ஊசி போதும். நாய்களோடு வாழ்கிறவளுக்கு அது பெரிய காப்பு. அவள் வளர்க்கும் நாய்களுக்கு வருடாந்திரத் தடுப்பூசி போட்டாயிற்றா என்று கேளுங்கள்; போடவில்லை என்றால் கால்நடை மருத்துவமனைக்கு ஆட்டோ பிடிக்கிற செலவு உங்களுடையது. பெட்டை நாய்களுக்குக் கருத்தடை செய்ய மாநகராட்சியில் கேட்டு அலைவதும் உங்கள் வேலை. அவளுக்கு அதற்கெல்லாம் லீவு கிடைக்காது. உங்களுக்கு நான்கு பக்கம் எழுத நேரம் இருந்திருக்கிறது.

கல்யாணப் பேச்சா? அதை அவளாக எடுத்தால் பேசுங்கள். 28-ஆம் நாள் ஊசி முடிந்ததும் எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.