ஸ்கைரிம் விளையாடினால் தலை சுற்றுகிறது: கிராபிக்ஸ் கார்டை மாற்றலாமா?

கேள்வி: கல்முனையில் இருந்து ஒரு தகப்பன் எழுதுகிறேன். மகன் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் நிற்கிறான். ஸ்கைரிம் என்ற ஆர்பிஜி கேமை, அதாவது ஒரு பாத்திரமாக மாறிக் கதைக்குள் திரிகிற கேமை, விளையாடத் தொடங்கி அரை மணித்தியாலம் போவதற்குள் தலை சுற்றுது, சத்தி வருது என்கிறான். பக்கத்தில் இருந்து பார்க்கிற மகளுக்கும் அதே கதைதான். மட்டக்களப்பு டவுனில் ஒரு கடையில் கேட்டேன். கணினியில் படத்தை உருவாக்குகிற கிராபிக்ஸ் கார்டையும் மாற்றி, விநாடிக்கு 144 படம் காட்டுகிற 144 ஹேர்ட்ஸ் மொனிட்டரும் போடச் சொல்கிறார்கள். கணக்கு ஒரு இலட்சத்தைத் தாண்டுகிறது. மச்சானின் மகன், "மேல இருந்து பார்க்கிற கேம் வாங்கிக் குடுங்க மாமா" என்கிறான். இவனுக்கோ காடு மலையெல்லாம் சுற்றித் திரிகிற கேம்தான் பிடிக்கும். என்ன செய்யலாம்?

பதில்: கார்டும் வேண்டாம், மொனிட்டரும் வேண்டாம். இப்போதைக்குக் கடைப் பக்கமே போகாதீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் கமராதான். கேமில் நாம் எந்த இடத்தில் இருந்து அந்த உலகத்தைப் பார்க்கிறோம் என்பதைத்தான் கமரா என்கிறேன். அதை இன்றிரவே காசு செலவில்லாமல் திருத்திப் பார்க்கலாம்.

கல்முனையில் இருந்து மட்டக்களப்புக்கு பஸ்ஸில் போனைப் பார்த்துக்கொண்டே வந்தால் வயிறு பிரட்டும் அல்லவா? உடம்பு ஓடுகிறது, கண் ஓடவில்லை. காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பு ஒன்று சொல்ல, கண் வேறொன்று சொல்ல, மூளை குழம்பிப் போகிறது. கேமில் இது தலைகீழ். கண் மலையேறி ஓடுகிறது, உடம்பு கதிரையில் இருக்கிறது. கண்ணுக்கு எவ்வளவு வேகமாக ஓட்டம் தெரிகிறதோ அவ்வளவு குழப்பம். பாத்திரத்தின் கண்ணுக்குள் இருந்தே உலகத்தைப் பார்க்கிற ஃபர்ஸ்ட் பேர்சன் கமராவில்தான் இது ஆகவும் கூட. பாத்திரத்தின் முதுகுக்குப் பின்னால் நிற்கிற தேர்ட் பேர்சனில் குறைவு. திரையின் நடுவில் ஒரு ஆள் அசையாமல் நிற்பதால் கண் அவனைப் பிடித்துக்கொள்ளும். மேலே இருந்து சரிவாகப் பார்க்கிற ஐசோமெட்ரிக் கமராவில் அநேகமாக ஒன்றும் வராது.

இனி ஸ்கைரிமுக்கு வருவோம். 2011இல் வந்த இந்த கேமுக்குக் கணினியில் பார்வை அகலம் (ஒரே நேரத்தில் திரையில் எவ்வளவு அகலத்துக்கு உலகம் தெரிகிறது என்ற அளவு) 65 பாகை என்று வைத்து அனுப்பியிருக்கிறார்கள். தூரத்தில் சோபாவில் இருந்து டீவியில் விளையாடுகிறவருக்கு அது போதும். மேசையில், முகத்துக்கு இரண்டடி தூரத்தில் மொனிட்டரை வைத்திருக்கிற பிள்ளைக்கு அது குறுகிய குழாய்க்குள்ளால் பார்ப்பது மாதிரி. மௌஸைக் கொஞ்சம் அசைத்தாலே முழுத் திரையும் அடித்துக்கொண்டு போகும். இதற்குக் கை வைத்தியம் இருக்கிறது. கேம் ஓடிக்கொண்டிருக்கும்போது, கீபோர்டில் 1 என்ற எண்ணுக்கு இடப்பக்கம் உள்ள விசையை அழுத்தச் சொல்லுங்கள். கீழே ஒரு பெட்டி திறக்கும். எஃப், ஓ, வி என்ற மூன்று ஆங்கில எழுத்தையும் சேர்த்துத் தட்டி, ஒரு இடைவெளி விட்டு 85 என்று போட்டு என்டர் அடிக்க வேண்டும். பிறகு அதே விசையால் பெட்டியை மூடலாம். போதாவிட்டால் 90. அதற்கு மேல் போனால் ஓரங்கள் இழுபட்டுத் தெரியும்.

கதிரையையும் ஒரு முழம் பின்னால் தள்ளுங்கள். அறை லைட்டை அணைத்துவிட்டு விளையாட விடாதீர்கள்.

இன்னொன்று. இந்த கேம் தொடங்குவதே கையைக் கட்டி ஒரு குதிரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவதில்தான். அந்த வண்டி குலுங்கிக் குலுங்கிப் போகும். அங்கே ஃபர்ஸ்ட் பேர்சன் தவிர வேறு கமரா கிடையாது. அந்த இடத்திலேயே சிலருக்குத் தலை கிறுகிறுத்துவிடும், "இந்த கேம் எனக்கு ஒத்துவராது" என்று மூடிவிடுவார்கள். மகன் அதைத் தாண்டிவிட்டான் என்றால் இனி எஃப் விசையை அழுத்தினால் போதும், கமரா முதுகுக்குப் பின்னால் வந்துவிடும். அவனுக்கு இது தெரியாமல் இருக்கவும் கூடும். தெருவிலும் காட்டிலும் திரியும்போது பின்னால் இருந்து பார்க்கட்டும். மேசையில் கிடக்கிற சின்னச் சாமானை எடுக்கவும், வில்லைக் குறி பார்க்கவும் மட்டும் ஃபர்ஸ்ட் பேர்சனுக்குப் போகட்டும்.

கடைக்காரர் சொன்ன 144 ஹேர்ட்ஸ் மொனிட்டர் கதைதான் எனக்கு ஆகவும் எரிச்சல். ஸ்கைரிமில் சாமான் விழுவது, உருளுவது, வண்டி ஓடுவது எல்லாம் விநாடிக்கு 60 படம் என்ற கணக்கில் கட்டப்பட்டவை. 60ஐத் தாண்டி ஓடவிட்டால் கூடையும் பானையும் தானாகத் துள்ளும், அந்த ஆரம்ப வண்டியே தூக்கி எறியப்படும். ஆகவே இந்த கேமுக்கு 144 ஹேர்ட்ஸ் மொனிட்டர் வாங்கினாலும் 60இல் கட்டித்தான் ஓட்ட வேண்டும். அது தெரியாமலா விற்கிறார்கள்? தெரிந்து விற்றால் இன்னும் மோசம். இப்போதைய மெஷினில் படம் 60 வராமல் விட்டு விட்டு ஓடினால் அதுவும் தலைசுற்றைக் கூட்டும், உண்மை. அதற்கு செட்டிங்கில் நிழலைக் குறையுங்கள், ரெசலூஷனை, அதாவது படத்தின் புள்ளி எண்ணிக்கையை, ஒரு படி இறக்குங்கள்.

பிறகு எப்போதாவது கார்ட் வாங்கத்தான் வேண்டும் என்று வந்தால், பாவித்த கார்டில் கவனமாக இருங்கள். 2022 செப்டெம்பரில் எதீரியம் என்ற இணைய நாணயத்தை கார்டுகளைக் கணக்குப் போட வைத்துச் சம்பாதிக்கிற (தோண்டுகிற) முறை நின்றபோது, இரவு பகலாக ஓடித் தேய்ந்த கார்டுகள் உலகச் சந்தையில் கொட்டப்பட்டன. துடைத்துப் பெட்டியில் போட்டால் புதுசு மாதிரித்தான் இருக்கும். அதைவிடப் பொல்லாதது போலிக் கார்ட். உள்ளே 2010ஆம் ஆண்டுச் சில்லு இருக்கும். மென்பொருளை மாற்றி எழுதி ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்ற பிந்திய கார்டாகக் காட்ட வைப்பார்கள். விண்டோஸும் அதை நம்பிவிடும். கார்டுக்குள் உண்மையில் என்ன சில்லு என்று காட்டுகிற ஜிபியு-ஸீ என்ற சின்ன இலவச மென்பொருளைக் கடையிலேயே ஓட்டிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். "அதெல்லாம் தேவையில்ல, நம்ம சாமான்" என்று கடைக்காரர் மழுப்பினால் வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

சரி, மேலே இருந்து பார்க்கிற கேம் வாங்கலாமா? மருமகன் சொன்னதில் பாதி நியாயம். தலை சுற்றாது, சாதாரண மெஷினும் தாங்கும். ஆனால் உங்கள் மகன் கேட்கிற சுற்றல் அதில் கிடைக்காது. இந்த விசயம் ஆர்பிஜி பிறந்த காலத்திலேயே தெரிந்ததுதான். 1981இல் வந்த அல்டிமாவில் ஊர், கடல், காடு எல்லாம் மேலே இருந்து தெரியும். பாதாள அறைக்குள் இறங்கினால் மட்டும் கண்ணுக்குள் இருந்து பார்ப்பீர்கள். அதே வருடம் வந்த விசார்ட்ரியில் பாதாளம் முழுக்கக் கண்ணுக்குள் இருந்துதான். இருட்டும் மூலையும் பயமும் வேண்டுமென்றால் உள்ளே. பாதையும் திட்டமும் வேண்டுமென்றால் மேலே. 1997இல் ஃபோல்அவுட், 1998இல் பால்டர்ஸ் கேட், பிறகு 2015இல் பில்லர்ஸ் ஆஃப் இடேர்னிட்டி எல்லாம் மேலே இருந்து பார்ப்பவை. கடைசி இரண்டிலும் ஆறு பேர்வரை கூட்டிக்கொண்டு போகலாம். யார் முன்னால் நிற்பது, யார் மறைந்து நிற்பது என்று யோசித்து விளையாடுகிற பிள்ளைக்கு அவை தங்கம். போகாத இடம் இருட்டாக இருக்கும், போகப் போக வெளிக்கும். வீட்டுக்குள் நுழைந்தால் கூரை மறைந்து உள்ளே தெரியும். ஆனால் வானம் இல்லை, தூரத்து மலை இல்லை. "அங்கே என்ன இருக்கு, போய்ப் பார்ப்பமா?" என்று ஒரு மேட்டில் நின்று கேட்கிற சந்தோஷம் அந்தக் கமராவில் வராது. உங்கள் மகனைப் பிடித்து இழுப்பது அதுதான் என்று நினைக்கிறேன்.

ஆகவே அவனுக்கு ஏற்றது தேர்ட் பேர்சன். ஆனால் இங்கே ஒரு விலக்கு இருக்கிறது, அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். பின்னால் நிற்கிற கமராவும் ஒரு பொருள் மாதிரித்தான் அந்த உலகத்துக்குள் நகர்கிறது. வெளியில் நிற்கும்போது அதற்கு இடம் இருக்கிறது. குகைக்குள்ளோ, சின்ன வீட்டுக்குள்ளோ போனால் கமராவின் முதுகில் சுவர் முட்டும். முட்டியதும் அது பாத்திரத்தின் பிடரிக்குள் பாய்ந்து வரும். பாத்திரம் ஒரு அடி முன்னால் வைத்ததும் மறுபடி பின்னால் துள்ளும். திரும்பினால் தூண் குறுக்கே வரும், உடனே பக்கவாட்டில் வெட்டும். இப்படி ஐந்து நிமிடம் ஒரு சுரங்கத்துக்குள் சண்டை போட்டால், ஃபர்ஸ்ட் பேர்சனில் கூடச் சுற்றாத தலை சுற்றிவிடும். அதனால் இடத்துக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ள வேண்டும். ஸ்கைரிமில் வெளியே பின் கமரா, ஒடுங்கிய குகைக்குள் அகலம் கூட்டிய ஃபர்ஸ்ட் பேர்சன் என்று வைத்துக்கொள்வது நல்லது. மாற்ற வழியில்லாத தேர்ட் பேர்சன் கேம் என்றால், கமரா தானாகத் திரும்புகிற செட்டிங் இருந்தால் அணைத்துவிடுங்கள், மௌஸ் வேகத்தையும் குறையுங்கள். 2015இல் வந்த விட்சர் 3 என்ற தேர்ட் பேர்சன் கேமுக்கு 2022 டிசம்பரில் வந்த அப்டேட்டில் கமராவை உடம்போடு ஒட்டி வைக்கிற தெரிவு ஒன்று சேர்த்தார்கள். பார்க்க வடிவுதான், உங்கள் மகன் அந்தப் பக்கம் போகக் கூடாது, பழைய தூரமே நல்லது.

2023இல் வந்த பால்டர்ஸ் கேட் 3ஐயும் யாராவது சொல்வார்கள். மௌஸ் சில்லை உருட்டினால் மேலே இருந்தும் பார்க்கலாம், கிட்டவும் வரலாம், அருமையான கேம். ஆனால் "மேலே இருந்து பார்ப்பதுதானே, பழைய மெஷினில் ஓடும்" என்று நம்பி வாங்காதீர்கள். எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகத்தில் 150 ஜிபி இடம் கேட்கிறது. அதுவும், விட்சர் 3, ஸ்கைரிம் ஆகிய மூன்றும் அமெரிக்க வயதுக் கணிப்பில் 17 வயதும் அதற்கு மேலும். தகப்பன் என்ற முறையில் இதை நீங்கள் தெரிந்திருக்க வேண்டும். 13 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கானது என்றால் டிராகன் குவெஸ்ட் 11 எஸ் இருக்கிறது. அதில் பின்னால் இருந்து பார்க்கிற முப்பரிமாண உலகமும் உண்டு, பழைய காலத்து மேலிருந்து பார்க்கிற இருபரிமாண வடிவமும் உண்டு. ஒரே கேமில் இரண்டையும் பார்க்கலாம்.

எதை வாங்கினாலும் கமரா மாற்றலாமா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். சைபர்பங்க் 2077இல் நடந்து திரியும்போது ஃபர்ஸ்ட் பேர்சன் மட்டும்தான், காரில் ஏறினால்தான் பின்னால் இருந்து பார்க்கலாம். கிங்டம் கம் டெலிவரன்ஸ் முழுக்கக் கண்ணுக்குள் இருந்துதான். இரண்டும் இப்போதைக்கு உங்கள் வீட்டுக்கு வேண்டாம். கேமை விற்கிற இணையப் பக்கத்தில் ராம் எவ்வளவு, கார்ட் என்ன என்று ஜிபி கணக்கில் அளந்து எழுதுகிறார்கள். பார்வை அகலத்தைக் கூட்டலாமா, கமராக் குலுக்கலை நிறுத்தலாமா என்று கட்டாயமாக எழுத வைக்க ஒரு சட்டமும் இல்லை. மனிதனின் தலைக்கு ஒத்துவருமா என்பதைவிட மெஷினுக்கு ஒத்துவருமா என்பதுதான் அவர்களுக்குப் பெரிதாக இருக்கிறது. யூடியூபில் அந்த கேமின் பெயரோடு செட்டிங் என்று போட்டுத் தேடினால் யாராவது மெனுவைத் திறந்து காட்டியிருப்பார்கள். அதைப் பார்ப்பது நல்ல வழி.

வாங்குவதும் ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் நேராக, மகனின் சொந்தக் கணக்கில் வாங்குங்கள். விலை டொலரில் இருக்கும். ரூபாயில் கட்ட வழியில்லை. உங்கள் டெபிட் கார்டில் வெளிநாட்டுக் கொடுப்பனவைத் திறந்து தரும்படி வங்கிக்குக் கேட்க வேண்டியிருக்கலாம். ஒரு கோலில் முடிகிற வேலையை நாலு கவுண்டருக்கு அலைய வைப்பார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த அலைச்சலைத்தான் சில பேர் தொழிலாக்கிவிட்டார்கள். "ஸ்டீம் அக்கவுண்ட் இருக்கு, முப்பது கேம் உள்ள, ஆயிரத்தைந்நூறு போடுங்க" என்று பேஸ்புக்கில் வருவார்கள். அதே அக்கவுண்டைப் பத்துப் பேருக்கு விற்றிருப்பார்கள். ஒருநாள் பாஸ்வேர்ட் மாறும், கேமும் போகும், காசும் போகும். அக்கவுண்டை விற்பதே ஸ்டீமின் விதிக்கு எதிரானது, யாரிடமும் முறையிட முடியாது. ஹார்ட் டிஸ்கில் கொப்பி பண்ணித் தருகிறவர்களிடமும் போகாதீர்கள். கேமோடு சேர்ந்து வேறு என்ன வருகிறது என்று அவர்களுக்கே தெரியாது.

நேராக வாங்குவதில் உங்களுக்கு இன்னொரு இலாபம் இருக்கிறது. வாங்கி 14 நாளுக்குள், 2 மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் ஸ்டீம் காசைத் திருப்பித் தரும். ஆகவே புது கேமைப் போட்டதும் முதல் வேலை செட்டிங்: பார்வை அகலம், மௌஸ் வேகம், குலுக்கல், ஓடும்போது படம் மங்குகிற மோஷன் பிளர். பிறகு முக்கால் மணித்தியாலம் விளையாடட்டும். தலை கனக்கத் தொடங்கியதும் நிறுத்த வேண்டும். "கொஞ்சம் பொறுத்தால் பழகிவிடும்" என்று சத்தி வரும்வரை இழுத்தால் அடுத்த நாள் அந்தத் திரையைக் கண்டாலே குமட்டும். கேம் இல்லாத நேரத்திலும் தலையிடி இருந்தால் ஆஸ்பத்திரியில் கண்ணைக் காட்டுங்கள், அது வேறு விசயம்.

மகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பஸ்ஸில் டிரைவருக்குச் சத்தி வருவதில்லை, பின்னால் இருக்கிறவருக்குத்தான் வரும். அடுத்து எந்தப் பக்கம் திரும்பும் என்று டிரைவருக்குத் தெரியும். கேமிலும் மௌஸ் யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் பாதிப்புக் குறைவு. அவளைத் திரையில் இருந்து தள்ளி, அறை முழுக்கத் தெரிகிற மாதிரி இருத்துங்கள். அதைவிட நல்லது, அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை மௌஸை அவளிடம் கொடுக்கச் சொல்லுங்கள். தம்பி சண்டைக்கு வருவார், அதை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.