பிரிய மறுக்கும் மரபணுக்கள்

கேள்வி: சுண்டெலியின் 8-ஆவது குரோமோசோமில் எஸ்டரேஸ் நொதிகளுக்கான (எஸ்டர் என்ற வேதிப்பிணைப்பை உடைப்பவை) மரபணுக்கள் கொத்தாக இருப்பதாகப் படித்தேன். டி.என்.ஏ.வை எழுத்தெழுத்தாகப் படிக்கும் வசதி வருவதற்கு முன்பே இதை எப்படிக் கண்டறிந்தார்கள்? அங்கே இருப்பது ஒரு மரபணுவா, பலவா என்று எதைக்கொண்டு முடிவு செய்தார்கள்? மனிதருக்கும் இப்படி உண்டா?
- முதுகலை விலங்கியல் மாணவர், திருநெல்வேலி

பதில்: ஒரே குரோமோசோமில் அருகருகே இருக்கும் மரபணுக்கள் பெரும்பாலும் சேர்ந்தே அடுத்த தலைமுறைக்குப் போகும் என்பதுதான் அடிப்படை. பாலூட்டிகளில் இந்தப் பிணைப்பு முதன்முதலில் தெரியவந்ததும் சுண்டெலியில்தான். மரபியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேனும் உடன் இருவரும் 1915-இல் வெளியிட்ட கட்டுரையில், உடல் முழுதும் வெளுத்துப்போகும் பண்பும் கண் இளஞ்சிவப்பாகும் பண்பும் பிணைந்து வருவதைக் காட்டினார்கள். அந்த வெளுப்புக்குக் காரணம் டைரோசினேஸ் என்ற நொதியின் மரபணுவில் உள்ள பழுது என்பது பின்னாளில்தான் தெளிவானது. அவர்கள் அறியாமலே ஒரு நொதி மரபணுவைத்தான் குறித்திருந்தார்கள்!

எஸ்டரேஸுக்கு நிறம் இல்லை. ஆனால் ஆலிவர் ஸ்மித்தீஸ் 1955-இல் அறிமுகப்படுத்திய ஸ்டார்ச் ஜெல்லில் ஒரு துளி இரத்த நீரை இட்டு மின்சாரம் செலுத்தி, பிறகு நாப்தைல் அசிட்டேட்டும் சாயமும் கலந்த கரைசலில் ஊறவைத்தால், நொதி நின்ற இடமெல்லாம் கருமையான பட்டைகளாக எழும்பும். இரண்டு எலி வகைகளில் பட்டை வெவ்வேறு தூரம் நகர்ந்திருந்தால், அவற்றின் கலப்பினக் குட்டியில் இரண்டு பட்டைகளுமே தெரியும். அந்தக் கலப்பினத்தைப் பெற்றோர் வகை ஒன்றோடு மீண்டும் இணைத்து, பிறக்கும் ஒவ்வொரு குட்டியையும் சோதிக்க வேண்டும். 200 குட்டிகளில் 4 மட்டும் இரு நொதிகளின் பட்டைகளைப் பெற்றோரில் இல்லாத புதிய சேர்க்கையில் காட்டினால், இரு மரபணுக்களுக்கும் இடையிலான தூரம் 2 சென்டிமார்கன் (100 குட்டிகளுக்கு ஒன்று அப்படி வந்தால் 1 சென்டிமார்கன்).

உங்கள் இரண்டாவது கேள்விதான் கூர்மையானது. ஒரே நொதி பல பட்டைகளாகப் பிரிந்து தெரிவதும் உண்டு. ஆகவே பட்டைகளை எண்ணி மரபணுக்களைக் கணக்கிட முடியாது. பட்டைகள் பிரிந்து, புதிய சேர்க்கையில் வந்த ஒரே ஒரு குட்டி, மறுசோதனையிலும் அவ்வாறே நின்றால், அங்கே இரண்டு மரபணுக்கள் என்பது உறுதி. அப்படியொரு குட்டி கிடைக்காவிட்டால் எதுவும் உறுதியில்லை: இடைவெளி 0.1 சென்டிமார்கன் என்றால் சராசரியாக 1,000 குட்டிகளுக்கு ஒன்றுதான் தேறும். மரபணுக்கள் நெருங்கி இருப்பதால்தான் கொத்து என்று தெரிகிறது. அந்த நெருக்கமே கொத்துக்குள் யார் முன், யார் பின் என்ற வரிசையை மறைத்தும் விடுகிறது. இன்னொரு இடையூறும் இருந்தது. ஆய்வக எலி வகைகள் ஒன்றுக்கொன்று உறவு என்பதால் பட்டைகள் பல வேளைகளில் ஒரே இடத்தில் நின்றுவிடும். அதனால் ஸ்பெயின், வட ஆப்பிரிக்கப் பகுதிகளின் மஸ் ஸ்பிரீட்டஸ் என்ற தனி இனத்தோடு கலந்தார்கள். அந்தக் கலப்பில் பிறக்கும் ஆண் எலி மலடு என்பதால் பெண் எலிகளைக் கொண்டே ஆய்வைத் தொடர வேண்டியிருந்தது.

2002-இல் சுண்டெலியின் மரபணுத்தொகை (முழு டி.என்.ஏ. வரிசை) வெளியான பிறகுதான் வரிசை துல்லியமாயிற்று. கொத்தில் இருப்பவை கார்பாக்சில் எஸ்டரேஸ் குடும்பத்தைச் சேர்ந்தவை; அதில் சுண்டெலிக்கு 20 மரபணுக்கள். மனிதருக்கு, 16-ஆவது குரோமோசோமில், ஐந்தாறுதான். ஒரே மரபணுவின் ஒத்த நகல்கள் அருகருகே இருக்கும்போது குரோமோசோம்கள் தப்பாகப் பொருந்தி, குறுக்கேற்றத்தில் (இணைக் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வதில்) ஒன்று ஒரு நகல் கூடுதலாகப் பெறுகிறது, மற்றது இழக்கிறது. கொத்து வளர்வது இப்படித்தான்.

இந்த வேறுபாடு மருந்தாய்வில் நேரடியாக உறைக்கிறது. சுண்டெலியின் இரத்த நீரில் கார்பாக்சில் எஸ்டரேஸ் நிறைய உண்டு, மனித இரத்த நீரில் அது இல்லை. எஸ்டர் பிணைப்புள்ள சில மருந்துகள் எலியின் இரத்தத்திலேயே சிதைந்துவிடுவதால், கொத்தில் இரத்த நீர் நொதியைத் தரும் ஒரு மரபணுவை மட்டும் முடக்கிய எலிகளை உருவாக்கி, அவற்றில் சோதிக்கிறார்கள்.