வெளக்கு வெச்சதுக்கு அப்பறம் உப்பு

அண்ணா வணக்கமுங்க. போன வாரம் வெளக்கு வெச்சதுக்கு அப்பறம் பக்கத்தூட்டு அக்கா கொஞ்சம் உப்பு கேட்டு வந்தாங்க. டப்பா நெறைய இருக்குது, மாமியார் இல்லேன்னு சொல்லிட்டாங்க. ஏன் பாட்டி பொய் சொல்றேன்னு எம்பொண்ணு கேட்டா, "அது அப்படித்தான்"னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க. இதுக்கு அறிவியல் காரணம் ஏதாச்சும் இருக்குதுங்களா?
வாசகி, கோபி

அம்மிணி,

அறிவியல் காரணம் வாட்ஸப்புல தெனம் ஒண்ணு வருது, நானும் ஒண்ணு கட்டிவிட வேண்டாம்னு பாக்கறேன். பொழுதெறங்குனா கூட்டக்கூடாதுங்கறதுக்கு, அப்பெல்லாம் சிம்னி வெளக்கு, மூக்குத்தித் திருகாணி விழுந்தா குப்பையோட போயிரும்னு சொல்றாங்க, கேக்க நல்லாத்தான் இருக்குது, ஆனா நீலகிரி பைக்காராவுல தண்ணியில எடுக்கற கரண்ட் கோயமுத்தூர் பக்கம் 1932 வாக்குலயே வந்தாச்சு, எங்கூட்டு ஆசாரத்துல, அதாவது முன்கூடத்துல, இப்ப எல்இடி எரியுது, இருந்தும் ஆறு மணிக்கு மேல சீமாறத் தொட்டா எனக்குக் கை தயங்குதே.

உப்ப விடுங்க. டப்பா நெறைய இருக்கறது அந்த அக்காவுக்கும் தெரியும், நாளைக்கு நீங்க போய்க் கேட்டாலும் இல்லேன்னுதான் சொல்வாங்க.

எனக்கு அந்த "அப்படித்தான்"தான் உறுத்துது. சின்னதுல எங்க தோட்டத்துக் கட்டுத்தரைச் செவுத்துல ஒரு பொந்து, அதுல நெளிஞ்ச டம்ளர் ஒண்ணு. பண்ணையத்துக்கு வர்றவரு, எங்க அப்பச்சி வயசு அவருக்கு, அவரே எடுத்துக் கழுவிட்டு ரெண்டு கையில புடிச்சுக் குனிவாரு, எங்கம்மா போசியில இருந்து ஒரு மொழம் ஒசரத்துல மோர் ஊத்துவாங்க, செதறும், ஆனா போசி மட்டும் டம்ளர்ல பட்டதே இல்ல. இப்படி ஊத்தோணும்னு எங்கயும் எழுதிக் கெடையாது. எழுதுனதெல்லாம் இதுக்கு எதிராத்தான், 1950லயே அரசியல் சட்டம் 17ஆவது பிரிவுல தீண்டாமை ஒழிஞ்சுதுன்னு போட்டாச்சு, 1955ல தண்டனைக்கும் சட்டம் வந்தாச்சு, நான் பாத்தது எழுபதுகளோட கடைசி. ஏம்மான்னு கேட்டேன். உங்க மாமியார் சொன்ன அதே பதில், இத்தனைக்கும் எங்கம்மா யாரையும் அதட்டிக்கூடப் பேசாதவங்க.

ஒரு நாள் அந்த டம்ளர எடுத்துட்டுப் போய் அடுப்படியில மத்த டம்ளரோட கவுத்து வெச்சுட்டேன். மறுநா விடியால போய்ப் பாத்தா பொந்துலயே இருக்குது. அம்மா கொண்டு போய் வெச்சாங்களா, அவரே கேட்டு வாங்கி வெச்சுக்கிட்டாரான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாதுங்க.